மகன் தலையை ஒதுக்கிக்கொண்டான்

கர்த்தருக்குள் அன்பான ஆலோசகருக்கு,

சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன். அங்கே என்னைச் சாந்தமானவன் என்பார்கள். வீட்டில் கதை வேறு. பத்து வயது மகன் தண்ணீரைக் கொட்டினால்கூடக் கத்திவிடுகிறேன். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கி, வாய் திறவாமல் வரும் நாட்களில் இன்னும் மோசம். இரவில் அழுது ஜெபிப்பேன். இரண்டு நாள் தாங்காது. போன வாரம் அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற மகன் சட்டென்று தலையை ஒதுக்கி, கண்களை இறுக மூடிக்கொண்டான். நான் அவனை அடித்ததே இல்லை. என் ஜெபத்தில்தான் குறையா? இப்படிக் கோபப்படுகிறவன் கிறிஸ்தவன்தானா?

பதில்:

அன்புச் சகோதரரே,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இயேசுவும் கோபப்பட்டிருக்கிறார். ஓய்வுநாளில் நன்மை செய்வது நியாயமா என்று கேட்டபோது பேசாமலிருந்தவர்களை அவர் விசனப்பட்டு, கோபத்துடன் பார்த்தார் என்று மாற்கு 3:5இல் வாசிக்கிறோம். பார்த்த கையோடு, சூம்பின கையையுடைய மனிதனைக் குணமாக்கினார். அவருடைய கோபத்தைக் கண்டு அந்த நோயாளி ஒதுங்கவில்லை. உங்கள் மகன் ஒதுங்குகிறான். அடிக்காவிட்டாலும் உங்கள் குரல் அவன் உடம்பில் பதிந்திருக்கிறது.

காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்லக் கை ஓங்குவதற்கு முன்பே, "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்று கர்த்தர் கேட்டார். அவன் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. நீங்களோ போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்: மேலதிகாரி. அங்கே விழுங்கியதை, எதிர்த்துப் பேச முடியாத ஒருவனிடம் கக்குகிறீர்கள். கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜெபத்தில் குறையில்லை, நேரம்தான் தவறு. கத்தி முடித்த பிறகு அழுகிறீர்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே ஜெபியுங்கள். அழகான வார்த்தைகள் வேண்டாம். "ஆண்டவரே, இன்று என்னை அவமானப்படுத்தினார்கள், உள்ளே எரிகிறது" என்றால் போதும். சங்கீதங்களில் பல அப்படிப்பட்ட முறையீடுகள்தானே!

அப்படியும் கோபம் ஏறினால் உடம்பு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: தாடை இறுகும், மூச்சு மேலே நிற்கும். அப்போது, "அப்பா கொஞ்ச நேரம் கழித்துப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். படபடப்பு அடங்க இருபது நிமிடமாவது பிடிக்கும். அங்கே உட்கார்ந்து நடந்ததையே அசைபோட்டால் அடங்காது. சொன்னபடி திரும்பி வருவது முக்கியம். இல்லாவிட்டால் அதையும் தண்டனையாகவே அவன் எடுத்துக்கொள்வான்.

இன்னொன்று. தேவனிடம் மன்னிப்புக் கேட்டீர்கள், மகனிடம் கேட்டீர்களா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, "நான் கத்தியது தவறு" என்று சொல்லுங்கள். "நீ கொட்டியதால்தான்" என்று வால் சேர்க்காதீர்கள்.

கை நீளும் என்று எப்போதாவது அஞ்சினால், அடுத்த கடிதத்துக்குக் காத்திராமல் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

மன்னிப்புக் கேட்டதும் மகன் ஓடிவந்து கட்டிக்கொள்ள மாட்டான். இன்னும் பல நாட்கள் தலையை ஒதுக்குவான். அதற்காக அவன்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்.