கடையை மூடிவிட்டுக் கொழும்பு போவதா, தொலைக்கல்வியா?

பட்டம் படிக்கக் கடையை மூடிவிட்டுக் கொழும்பு போவதா, கடையில் இருந்துகொண்டே தொலைக்கல்வியில் படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையை மூடாதீர்கள், தொலைக்கல்வியிலேயே படியுங்கள். ஒட்டுசுட்டானில் உரக்கடை நடத்துகிறவருக்கு கடன் விற்பனை, இருப்புக் கணக்கு, காசோட்டம் எல்லாம் பாடத்தில் வருகிற அன்றே கல்லாவில் வைத்துப் பார்க்கலாம், முழுநேரம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது கிடைக்காது.

முன்பு டிப்ளோமாவைப் பாதியில் விட்டது உங்கள் சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காலபோக விதைப்புக்கு உரம் கேட்டு ஆட்கள் வாசலில் நிற்கும்போது யார்தான் ஒப்படை எழுதுவது?

அதனால் பதிவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒப்படை, பரீட்சைத் திகதிகளை வாங்கி உங்கள் போகக் கலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடித்தால் அந்தத் தவணையில் பாடங்களைக் குறைத்து எடுங்கள், பட்டம் ஒரு வருடம் பிந்தினால் பரவாயில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஒப்படை போன்ற தொடர் மதிப்பீட்டில் தேவையான புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க விடமாட்டார்கள்.

தனியார் நிறுவனம் என்றால், அப்புறம் அரச வேலைக்கு விண்ணப்பிக்கிற எண்ணமும் இருந்தால், பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். மொழிமூலத்தையும் கேளுங்கள், ஆங்கிலம் என்றால் தனியே வீட்டிலிருந்து படிப்பது உண்மையிலேயே கஷ்டம், கூடப் படிக்க கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரண்டு பேரைப் பிடியுங்கள்.