தெருவோரத்தில் செடிப்பள்ளம் வெட்டினால் கொசு வருமா, அஸ்திவாரம் ஊறுமா?

திருவான்மியூர் உள்தெரு ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: அரை மணி நேரம் மழை பெய்தாலே தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. நடைபாதைக் கல்லைப் பெயர்த்துவிட்டு, செடி வைத்து, தண்ணீரை மண்ணிலேயே இறக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசியிருக்கிறார்கள். கொசு வரும், வீட்டு அஸ்திவாரம் ஊறும் என்று பாதிப் பேர் தடுக்கிறார்கள். நடுவில் ஒரு கான்ட்ராக்டர் வந்து, நூறடிக்கு போர் போட்டு தெருத்தண்ணீர் மொத்தத்தையும் உள்ளே விட்டுவிடலாம், ரேட் பேசுவோம் என்கிறாராம்.

முதலில் அந்த போரை மறந்துவிடுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் வேறு, தெருத்தண்ணீர் வேறு. தெருவில் ஓடுவதில் வண்டி ஆயில், டயர் தூள், நாய்க் கழிவு, பொங்கி வழியும் பாதாளச் சாக்கடை எல்லாம் கலந்திருக்கும். மேல்மண்ணும் வேரும் இதில் நிறைய அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். போரில் விட்டாலோ வடிகட்ட ஒன்றுமில்லாமல் நேராக நிலத்தடி நீரில் கலந்து, நாளைக்கு உங்கள் மோட்டாரிலேயே மேலே வரும். இரண்டு வாளி ஜல்லியைக் கொட்டி 'ஃபில்டர்' என்று பில் போடுவார்கள், நம்பாதீர்கள்.

கொசுவுக்கு வருகிறேன். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரமாவது ஆகும், அதுவரை தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். உங்கள் பக்கம் கடலோர மணல், ஒழுங்காக வெட்டிய பள்ளத்தில் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். சந்தேகமிருந்தால் ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது இறங்கியதும் மறுபடி ஊற்றி, இரண்டாவது முறை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் காலியானால் கவலையே வேண்டாம்.

அஸ்திவாரத்துக்கு, கட்டடத்திலிருந்து பத்தடியாவது தள்ளி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டாமல் சாலையோரமாகப் பள்ளம் இருக்கட்டும். அஸ்திவாரத்தைவிட எனக்குக் கவலை கேட்டுக்குப் பக்கத்தில் புதைந்திருக்கும் சம்ப்தான். அதில் விரிசல் இருந்தால் தெருத்தண்ணீர் குடிநீரில் கசியும், அதனால் சம்ப்பை முதலில் பூசிவிடுங்கள். ஜேசிபி வேண்டாம், அடியில் மெட்ரோவாட்டர் குழாயும் மின்கேபிளும் போகின்றன, கையால்தான் தோண்ட வேண்டும்.

கணக்கு எளிது. 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தெருவில் 5 செ.மீ. மழை பெய்தால் 30,000 லிட்டர். வீட்டு வாசல்களை விட்டு 60 மீட்டர் நீளத்துக்கு, ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. தாழ்வாகப் பள்ளம் விட்டால் 9,000 லிட்டர் அதிலேயே நிற்கும், பெய்யப் பெய்ய மீதியிலும் பெரும்பகுதியை மணல் குடிக்கும். அதற்கும் மேல் வந்தால் வடிகாலுக்கு வழிய ஒரு வாய் விட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத் தெரு ஒன்றை 2001-இல் இப்படி மாற்றி, மழைநீர் கிட்டத்தட்ட வெளியே போகாமலே பார்த்துக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் அங்கே பெய்வது பெரும்பாலும் தூறல். இங்கே 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. சியாட்டில் படத்தைக் காட்டி வெள்ளமே வராது என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்தில் யாரும் அப்படியே தோண்டிவிட வேண்டாம். அங்கே களிமண், நவம்பரில் நிலத்தடி நீரே காலடிக்கு ஏறி வந்துவிடும். ஆழமாகக் குழி வெட்டினால் அடியிலிருந்தே ஊறி நிரம்பும், வாரக்கணக்கில் வடியாது, கொசு பயம் அங்கே நூற்றுக்கு நூறு நியாயம். அங்கே பள்ளம் 10 செ.மீ. போதும், களிமண்ணை எடுத்துவிட்டு மணல் கலந்து போட்டு, அடியில் துளை போட்ட குழாய் பதித்து வடிகாலில் சேர்க்க வேண்டும். அங்கே தண்ணீரை இறக்க முடியாது, கொஞ்ச நேரம் தாமதப்படுத்தத்தான் முடியும், அதுவே பெரிய உதவி. குழியில் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நின்றால் உங்கள் தெருவும் இந்தக் கணக்குதான், ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள்.

செடிக்கு வெட்டிவேர், கல்வாழை, அருகம்புல் போதும். மரத்துக்குப் பூவரசு, புங்கன். நர்சரியில் தள்ளிவிடும் கோனோகார்பஸ் வேண்டாம். 'தண்ணீர் உள்ளே போகும்' என்று சொல்லி பேவர் பிளாக் விற்பவரிடம் அடியில் என்ன போடுகிறார் என்று கேளுங்கள், கான்கிரீட் என்றால் ஒரு சொட்டும் இறங்காது.

இத்தனையும் செய்தாலும் சாலையைப் பழைய தார்மேலேயே மறுபடி போட்டு உயர்த்தினால் என்ன பயன்? சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அரசே அறிவுறுத்தியது, இன்னமும் ராத்திரியோடு ராத்திரியாக மேலேயே ஊற்றிவிட்டுப் போகிறார்கள். வடிகாலின் வாய் சாலையைவிட உயரத்தில் இருக்கும், கேட்டால் அது வேறு துறை என்பார்கள். எத்தனை வருடம் இதையே சொல்வது! சாலை போடும் அன்று நாலு பேர் தெருவில் நின்று மட்டத்தைப் பாருங்கள்.

அனுமதிக்கு வார்டு உதவிப் பொறியாளரிடம் சங்கத்தின் பெயரில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கவுன்சிலருக்கும் ஒரு நகல். 'நான் பேசி முடித்துத் தருகிறேன்' என்று வீட்டுக்கு இவ்வளவு என வசூலிக்க ஒருவர் கட்டாயம் வருவார், அவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். மக்கள் பங்கு கட்ட வேண்டியிருந்தால் மாநகராட்சிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும், ஐப்பசியில் தோண்டினால் வெட்டிய மண்ணெல்லாம் வடிகாலுக்குள்தான் போகும்.