ஃபேரிங் மாட்டிய பைக், மாமா பெயரில் ஆர்.சி.

கேள்வி: பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். மாமா ஓட்டிக்கொண்டிருந்த 2013 மாடல் 150 சிசி பைக்கைப் பணம் கொடுத்து வாங்கி, வீட்டிலேயே பிரித்து ஸ்போர்ட்ஸ் பைக் மாதிரி மாற்றினேன். ஆன்லைனில் வாங்கிய ஃபைபர் ஃபேரிங் (பைக்கைச் சுற்றி மூடும் உறை), கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க்கில் தாழ்வாக மாட்டும் கைப்பிடி), சிங்கிள் சீட் எல்லாம் போட்டேன். ஃபேரிங் நிற்க முன்பக்கம், ஹேண்டில் பொருந்தும் சேஸிஸ் முனையான ஹேண்டில் தலைக்குப் பக்கத்தில் ஒரு பிராக்கெட் வெல்டு வைத்தேன். சாரி கார்டைக் கழற்றிவிட்டு, பின் நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் சாய்த்து மாட்டினேன். விஜயமங்கலம் பக்கம் வாகனச் சோதனையில் பிடித்து வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருந்தது. ஆர்.சி. மட்டும் இன்னும் மாமா பெயரில். 5,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். ஃபேரிங் மாட்டுவது குற்றமா? வண்டியைப் பிடித்து வைக்கலாமா? இதையெல்லாம் ஆர்.சி.யில் ஏற்ற முடியுமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தில் ஃபேரிங் என்ற பேச்சே கிடையாது. 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கு அதே பிரிவில் விளக்கமும் உண்டு: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகப் படித்தது. மாநில விதியைக் காட்டி கம்பெனியின் மூல அளவுகளை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது.

இதை உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே போல்ட் போட்டு, வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடக்கூடிய ஃபேரிங் வெறும் மேல்சட்டைதான். எஞ்சின், சேஸிஸ், சீட் எண்ணிக்கை எதுவும் மாறவில்லை, ஆகவே அது 52-க்குள் வராது என்று தைரியமாக வாதாடலாம். ஆனால் நீங்கள் வெல்டு வைத்திருக்கிறீர்கள். அதுவும் ஹேண்டில் தலையில். பெரும்பாலான பைக்குகளில் சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் இடம் அதுதான். நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும்போது ஒரு எழுத்து மழுங்கியிருந்தாலும், கிரைண்டர் பட்ட தடம் தெரிந்தாலும், கேள்வி ஃபேரிங்கைத் தாண்டி ‘இது திருட்டு வண்டியா’ என்று போய்விடும். எனக்குக் கவலை அந்த பிராக்கெட்தான், ஃபேரிங் அல்ல.

சிங்கிள் சீட் விஷயமும் சின்னதல்ல. ஆர்.சி.யில் சீட் எண்ணிக்கை இரண்டு என்று இருக்கும், நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். சாரி கார்டு தனிக் கதை. பின்னால் ஆள் உட்காரும் வசதியுள்ள பைக்கில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. நம்பர் பிளேட்டுக்கு விதி 50, 51. பின் பக்க எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். அளவு சரியாக இருந்தும் சாய்வில் படிக்க முடியவில்லை என்றால் பிரயோசனமில்லை. சோதனையில் முதலில் கண்ணில் பட்டதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அபராதம் 182ஏ(4) பிரிவின்படி. 2019 திருத்தத்தில் சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒரு மாற்றத்துக்கு’ என்பதைக் கவனியுங்கள். சீட், ஹேண்டில், பிராக்கெட் என்று தனித்தனியாக எண்ணியிருந்தால் தொகை மளமளவென்று ஏறியிருக்கும். உங்களிடம் ஒரே 5,000 கேட்டிருக்கிறார்கள். 200-ஆவது பிரிவின்படி அதைக் கட்டினால் இந்த வழக்கு அதோடு முடிந்துவிடும். போல்ட் போட்ட ஃபேரிங் மட்டும் என்றால் ‘கட்டாதீர்கள், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லியிருப்பேன். வெல்டையும் சிங்கிள் சீட்டையும் வைத்துக்கொண்டு அந்தச் சண்டைக்குப் போவது வீண். கட்டிவிடுங்கள், ரசீதை வாங்கி வையுங்கள். ஆனால் பணம் கட்டியதால் மாற்றம் சட்டப்படி ஆகிவிடாது. அடுத்த சோதனையில் மறுபடியும் எழுதலாம்.

வண்டியைப் பிடித்து வைத்தது வேறு விஷயம். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 207-ஆவது பிரிவு வண்டியைப் பிடித்து வைக்க அதிகாரம் தருவது லைசென்ஸ் இல்லாமல், வயது வராமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓட்டினால். மாற்றம் செய்த வண்டி அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு செய்த உரிமையாளர் என்ற முறையில் மாமாவே இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதட்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், பணம் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்து, நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பெரும்பாலும் இதோடு வண்டி வெளியே வந்துவிடும். இல்லையென்றால் அந்த ஸ்டேஷனுக்குரிய மாஜிஸ்திரேட் முன்பு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 503-ஆவது பிரிவில் வண்டியைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். ஸ்டேஷன் வாசலில் வண்டிகள் வெயிலில் கிடந்து வீணாகக் கூடாது, சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பக்கத்து ஸ்டேஷன்களைப் பார்த்தால் அது இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கும்.

ஆர்.சி.யில் ஏற்றுவது பற்றி: ஃபேரிங்குக்கு ஆர்.சி.யில் இடமே இல்லை, அதனால் ஏற்றவும் முடியாது. நிறம் வேறு. ஆர்.சி.யில் கறுப்பு என்று இருந்து ஃபேரிங்கால் வண்டி முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் நிற மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சேஸிஸில் வெல்டு வைத்ததை யாரும் ஏற்றித் தர மாட்டார்கள். ‘ஏற்றித் தருகிறேன்’ என்று புரோக்கர் யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விபத்தில் இன்னொருவருக்கு அடிபட்டால் கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லித் தப்பலாம் என்று 150-ஆவது பிரிவு பட்டியல் போடுகிறது. பந்தயம், வேகச் சோதனை அதில் உண்டு. ஃபேரிங் இல்லை. உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கேட்கும்போதுதான் சிக்கல். சொல்லாமல் மாட்டிய பாகத்துக்குப் பணம் வராது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபேரிங்கில் இடிக்கிறது என்று சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிவிட்டால், விபத்துக்கே அதுதான் காரணம் என்பார்கள். வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன் பிரேக்கை அழுத்தி ஃபோர்க்கை இறக்கியும் பாருங்கள். சைலன்சருக்கும் ஃபைபருக்கும் கை நுழையும் இடைவெளி வேண்டும். காற்றில் குளிரும் எஞ்சினை முழுக்க மூடினால் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்பது சட்டக் கேள்வி இல்லை, உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள். ரேஸ் ஆசைதான் என்றால் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பக்கத்தில்தானே இருக்கிறது. டிராக்குக்கென்றே ஒரு வண்டி வைத்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கடைசியாக மாமா. 182ஏ(4) தண்டிப்பது உரிமையாளரை. பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் பொறுப்பு போகாது என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது. நீங்கள் வெல்டு வைத்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் இருக்கும். வண்டி வெளியே வந்ததும் பிராக்கெட்டை நல்ல வெல்டரிடம் கொடுத்து, சேஸிஸ் நம்பரில் சூடோ கிரைண்டரோ படாமல் எடுத்துவிடுங்கள். பழைய சீட், ஹேண்டில், சாரி கார்டைத் திரும்ப மாட்டுங்கள், நம்பர் பிளேட்டை நிமிர்த்துங்கள். அப்புறம் படிவம் 29, 30 இரண்டிலும் மாமாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பெருந்துறை அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் மாறியதும் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். ஃபேரிங்கை மறுபடி மாட்டுவதென்றால் கம்பெனித் துளைகளில் மட்டும், போல்ட் போட்டு, அதற்குப் பிறகு.