பாதாம் மாதிரியான கொட்டை மரங்களை மேம்படுத்த மரபியல் உண்மையில் உதவுகிறதா, இல்லை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுகிறதா?

உதவுகிறது. ஆனால் மரபணுவை மாற்றி அதிசய மரம் செய்கிறார்கள் என்று நினைத்துக் கேட்டிருந்தால், பாதாமில் கதை வேறு. எந்தக் கன்றை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கிப் போடுவது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பயிர்ப் பெருக்கம் படித்தவன் என்ற முறையில் இதைத்தான் பெரிய லாபமாகச் சொல்வேன். (நம் ஊர்த் தெருவோரத்தில் நிற்கும் பாதாம் மரம் வேறு இனம், அதை விட்டுவிடுவோம்.)

கசப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்துத் தோலுரித்த பாதாமில் எப்போதாவது ஒன்று வாயெல்லாம் கசக்குமே, அது கெட்டுப்போன பருப்பு இல்லை. அதில் அமிக்டலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது; மென்றால் சயனைடு வெளிவரும். துப்பிவிடுங்கள்.

இனிப்பா கசப்பா என்பது ஒரே மரபணுவின் வேலை. இனிப்பு ஓங்கு பண்பு, கசப்பு ஒடுங்கு பண்பு; அதாவது இரண்டும் ஒரே மரத்தில் இருந்தால் இனிப்புதான் வெளியே தெரியும், கசப்பு உள்ளே மறைந்திருக்கும். அமிக்டலின் தயாரிப்பை முடுக்கிவிடும் ஒரு புரதம், ஒரேயொரு அமினோ அமிலம் மாறிப்போனதால் இனிப்பு மரத்தில் வேலை செய்யாமல் கிடக்கிறது. ஸ்பெயின், டென்மார்க், இத்தாலி ஆய்வாளர்கள் 2019இல் இதைக் கண்டு சொன்னார்கள்.

இதில் ஒரு வில்லங்கம். பருப்பின் சுவையைத் தீர்மானிப்பது தாய்மரம் மட்டும்தான். மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் கவலையில்லை. ஒரு மரத்தில் காய்ப்பதெல்லாம் இனிப்பு, இல்லையென்றால் எல்லாமே கசப்பு. ஆனால் பெற்றோர் மரங்கள் இரண்டும் கசப்பை உள்ளே மறைத்து வைத்திருந்தால், அந்த இனிப்புக் கொட்டைகளை விதைத்து வரும் கன்றுகளில் நாலில் ஒன்று கசப்பு மரமாகிவிடும். கொட்டையைத் தின்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முன்பெல்லாம் மூன்று நான்கு வருடம் தண்ணீரும் உரமும் இடமும் கொடுத்து, காய்த்த பிறகு வெட்டிப் போட்டார்கள். இப்போது நாற்றங்காலிலேயே நகத்தளவு இலையைக் கிள்ளி டி.என்.ஏ. சோதனை செய்தால் போதும்.

அடுத்தது மகரந்தம். பெரும்பாலான பாதாம் ரகங்கள் தங்கள் மகரந்தத்தையே ஏற்காது. அதனால்தான் கலிபோர்னியாவில் நான்பரேல் ரகத்துக்குப் பக்கத்தில் வேறு ரகத்தை வரிசையாக நட்டு, பிப்ரவரி தோறும் சுமார் 20 லட்சம் தேனீப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வைக்கிறார்கள். இத்தாலியின் துவோனோ ரகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைச் சாதாரண ரகத்தோடு கலந்தால் கன்றுகளில் பாதிக்கு அந்தக் குணம் வரும். எந்தப் பாதி என்பதையும் இலையே சொல்லிவிடும். பிரான்சின் லோரான் ரகம் துவோனோவின் பிள்ளைதான். ஸ்பெயினில் குவாரா என்று புது ரகமாக வெளியிட்டு ஏக்கர் கணக்கில் நட்டார்கள். அப்புறம் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தால், அது துவோனோவேதான்! இப்படி ஆள்மாறாட்டத்தைப் பிடிப்பதும் மரபியலின் உபயம்.

விளைச்சல், பருப்பின் பருமன் போன்றவற்றில் மட்டும் இந்த வித்தை சரியாகப் பலிக்காது. அவை பல மரபணுக்களும் மண்ணும் வானிலையும் சேர்ந்து செய்பவை. மரம் காய்த்து, வருடா வருடம் எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் கலப்பு செய்த நாளிலிருந்து புது ரகம் வெளிவர இன்றும் பத்து வருடத்துக்கு மேல் பிடிக்கிறது.