வாடையும் வைஃபையும்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்திருக்கிறோம்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை வகுப்பில் ஸ்கேன் பண்ணினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நெட் இல்லாமல் காட்ட வழி உண்டா?
— அறிவியல் ஆசிரியை, மண்டபம்

வகுப்பில் ஸ்கேன் செய்யவே வேண்டாம். முதல் நாள் இரவே, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் தீக்ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்து, வேண்டிய காணொளியை டவுன்லோட் செய்துவிடுங்கள். அது செயலிக்குள்ளேயே தங்கும், மறுநாள் நெட் இல்லாமல் ஓடும். சில குறியீடுகள் யூடியூப் காணொளிக்குப் போகும். அவை இப்படி இறங்காது. ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் எது ஓடும், எது ஓடாது என்று இரவே தெரிந்துவிடும்.

அறிவியலுக்குக் காணொளியைவிட ஃபெட் பயனுள்ளது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய இலவச மெய்நிகர் சோதனைகள் அவை. மின்சுற்று, அடர்த்தி, ஒளிவிலகல் என்று நிறைய உண்டு. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக இறக்கலாம். பென் டிரைவில் போட்டு, லேப்டாப்பில் குரோமில் திறந்தால் போதும். தளத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றிய பிறகு இறக்குங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். ஜாவா என்று குறித்த பழைய சோதனைகளைத் தொடாதீர்கள், பெரும்பாலும் திறக்காது.

பள்ளியில் டேப்லெட்டுகள் இருந்தால் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய லேப்டாப்பில் நிறுவி, பாடங்களை ஒரே ஒரு தடவை இறக்கிக்கொள்ளலாம். பிறகு சாதாரண வைஃபை ரூட்டர் போதும், அதற்கு நெட் இணைப்பே தேவையில்லை. டேப்லெட்டின் பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி எண்ணையும், அதன் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 8080 என்றும் அடித்தால் பாடம் திறக்கும். திறக்காவிட்டால் மூன்று காரணம். லேப்டாப்பின் ஃபயர்வால் தடுத்திருக்கும். அல்லது ரூட்டரில் நெட் இல்லை என்று டேப்லெட் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும், டேட்டாவை அணைத்துவிடுங்கள். அல்லது ரூட்டரை அணைத்துப் போட்டதில் ஐபி எண் மாறியிருக்கும். ரூட்டர் அமைப்பில் அந்த லேப்டாப்புக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எங்கள் புரொஜெக்டர் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. படம் மங்கல், ஹெச்டிஎம்ஐ வயரை அசைத்தால்தான் காட்சி வருகிறது. "கடல் காத்து, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மெக்கானிக். ஒன்றுமே செய்ய முடியாதா?
— தலைமையாசிரியர், தங்கச்சிமடம்

மெக்கானிக் சொன்னது சரி, ஆனால் கைவிட வேண்டியதில்லை. காற்றோடு வரும் உப்பு காய்ந்து கிடக்கும்வரை பெரிய கெடுதல் செய்யாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். அந்த நீர்ப்படலம்தான் செம்பைப் பச்சையாக்குகிறது, பின்களை அரிக்கிறது. ஓடும்போது கருவி சூடாக இருப்பதால் உள்ளே காய்ந்திருக்கும். கெடுவது அணைத்து வைத்திருக்கும் இரவுகளிலும், பூட்டிக் கிடக்கும் கோடை விடுமுறையிலும்தான். 'உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருந்தோம்' என்ற கருவிதான் இந்தக் கரையில் முதலில் போகும்.

ஆகவே புரொஜெக்டரைக் கூரையில் மாட்டாதீர்கள். சூடு ஆறிய பிறகு, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். 20 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையாக வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது. நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். அரிசி போட்டு வைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அது போதிய ஈரத்தை இழுக்காது, மாவுத்தூசியைத்தான் உள்ளே விடும்.

காற்று வடிகட்டியைக் கையேட்டில் சொன்னதைவிட இருமடங்கு அடிக்கடி, மெல்லிய பிரஷால் துடைக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ஹெச்டிஎம்ஐ முனைக்கு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால்: மின்சாரத்தைத் துண்டித்து, நூல் உதிராத பட்ஸால் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவியவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் உப்புத்தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் பலன்.

உங்களுடையது லேம்ப் வைத்த புரொஜெக்டர் என்றால் கரண்ட் போவதும் எதிரிதான். விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும்போதே மின்விசிறி நின்றுவிடும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று பெரும்பாலும் 360 வாட் வரை தாங்கும். புரொஜெக்டரின் வாட்டைப் பார்த்து, அதற்குள் இருந்தால் வாங்குங்கள். பாடத்தைத் தொடர்வதற்கல்ல, முறைப்படி அணைத்து ஆறவிடும் சில நிமிடத்துக்குத்தான்.

பருவக்காற்றுப் பாடத்தை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தினால், "இது எங்களுக்குத் தெரியும் சார்" என்கிறார்கள். கணினியில் புதிதாக எதைக் காட்டுவது?
— சமூக அறிவியல் ஆசிரியர், பாம்பன்

அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும், வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் தலைகீழ். இது அந்தப் பிள்ளைகளின் வீட்டுப்பேச்சு. ஏன் அப்படி என்பதுதான் நீங்கள் கொடுக்க வேண்டியது.

எர்த் நல்ஸ்கூல் என்ற தளம் உலகக் காற்றோட்டத்தைக் கோடுகளாக ஓட விடும், பழைய தேதிகளுக்கும் போகலாம். போன ஜூலையில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள் எடுத்து, பாம்பன் இருக்கும் இடத்தைச் சொடுக்குங்கள். டிகிரியும் வேகமும் எண்ணாக வரும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் வேண்டாம். ஜூலையில் எண் பெரும்பாலும் 200க்கும் 240க்கும் இடையில், அதாவது தென்மேற்கு. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கோடுகள் வடகிழக்கு நோக்கி ஓடுவதைப் பார்த்து "வடகிழக்குக் காற்று" என்று எழுதுவார்கள். காற்றுக்கு அது வரும் திசைதான் பெயர். "வாடை எந்தப் பக்கத்திலிருந்து வருது?" என்று கேளுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து, படத்தைக் காட்டாமல் ஒரு கேள்வி: தீவுக்குத் தெற்கேயும் வடக்கேயும் காற்று ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், கடல் மட்டும் ஏன் இரண்டு விதம்? இப்போது கூகுள் எர்த்தைத் திறந்து பார்வையை மேலே தூக்குங்கள். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அலையை வளர்க்க நீண்ட நீர்ப்பரப்பு கிடைக்கிறது. பாக் விரிகுடாவுக்கு மண்டபம் நிலமும் ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறைப்பு. வாடைக்கு அந்த மறைப்பு இல்லை. வங்கக் கடல் பக்கம் திறந்திருக்கிறது. இதைப் பிள்ளைகள் தாங்களே சொல்லும்வரை காத்திருங்கள், இரண்டு நிமிடம் அமைதியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. நல்ஸ்கூல் காட்டுவது கணினி மாதிரியின் கணக்கு, பரந்த கட்டங்களாகப் பிரித்துப் போட்டது. கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க அதைப் பார்க்கக் கூடாது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் நிலை முன்னறிவிப்பு இருக்கிறது. அதையும் வகுப்பில் திறந்து காட்டுங்கள்.

தனுஷ்கோடியைக் கூகுள் எர்த் டைம்லாப்ஸில் காட்டும் ஆசை வரும். அது 1984இல் தொடங்குகிறது. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய ஊர் அதில் கிடையாது. அரிச்சல்முனை மணல் எப்படி இடம் மாறுகிறது என்று காட்ட உதவும்.

வீட்டில் தட்டச்சு செய்த வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது.
— தமிழாசிரியை, கீழக்கரை

நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். அதில் 'அம்மா' என்பது ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள் ஒன்றில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். ஆனால் தாள் முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியே மாற்றி ஒட்டுங்கள். இனி அடிப்பதற்கு விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்தே தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் ஃபோன் கிடையாது. ஆன்லைன் வினாடி வினா நடத்த முடியுமா?
— ஆசிரியர், தேவிபட்டினம்

பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினாச் செயலி போதும், உங்கள் ஃபோன் ஒன்றும், அதில் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் சரி. ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை, இலவசத் தொகுப்பில் 40 கிடைக்கும். ஏ, பி, சி, டி நான்கு பக்கத்தில் இருக்கும். விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி பிடித்தால் உங்கள் கேமரா வகுப்பு முழுவதையும் படித்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்ப முடியாது. சிலருடைய விடை பதிவாகாமல் போனால் விரலைப் பாருங்கள்: கறுப்புக் கட்டத்தை மறைத்துப் பிடித்திருப்பார்கள். பளபள லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னும். தடித்த அட்டையில் ஒட்டினால் போதும்.