உறைந்த எண்ணெய், சோர்ந்த அடுப்பு

கேள்வி: தைப்பூசக் காவடி முடிந்ததும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவுக்குக் குடிவந்தோம். கையோடு கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் கல்லாகிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மின்வெட்டுக்காக வாங்கிய சின்ன கேஸ் அடுப்பும் காலையில் சரியாக எரிவதில்லை. கேனை ஆட்டினால் உள்ளே குலுங்கத்தான் செய்கிறது. இரண்டுமே போலியா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: எண்ணெயைப் பற்றிக் கவலை வேண்டாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டர்பனிலேயே ஜூலைக் காலைகளில் உறைவதுதான். அதன் மூலக்கூறுகள் நேராக இருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காக அமைந்துவிடுகின்றன. சூரியகாந்தி எண்ணெயில் அவை வளைந்தவை, அவ்வளவு எளிதில் அப்படி அமையாது. ஒரு பொருள் திடமா, திரவமா, வாயுவா என்பதை மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்போடு வெப்பநிலையும் அழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எண்ணெய் உறைவதில் அழுத்தத்துக்குப் பெரிய பங்கில்லை. கேஸ் கேனில்தான் அது முக்கியம்.

இந்தச் சின்ன கேன்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் அது சுமார் மைனஸ் 0.5 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். கேனுக்குள் அழுத்தம் கூடுதல் என்பதால்தான் திரவமாக நிற்கிறது. அடுப்பைத் திறந்ததும் கொதிக்கத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் கேனிடமிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் எரிந்த கேனைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று வெளியே நீர் பூத்திருக்கும். காலைக் குளிரும் சேர்ந்தால் அழுத்தம் விழுந்து சுடர் சோர்கிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் குறைவு. அது பியூட்டேனுக்குச் சற்று உதவிதான், ஆனால் போதாது.

அடுத்த முறை புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் இங்கத்திய குளிர் அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 20 டிகிரியில் அதன் அழுத்தம் பியூட்டேனைப்போல 4 மடங்கு. அதனால் உங்கள் அடுப்பின் கையேட்டில் அந்தக் கலவைக்கு அனுமதி இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிட்டு வாங்குங்கள். இருக்கிற கேனை இரவில் வெளியே விடாமல், ஹீட்டர் பக்கமும் வைக்காமல், வீட்டுக்குள் வையுங்கள். வெந்நீரில் போடுவது, தீயில் காட்டுவது வேண்டவே வேண்டாம், கேன் வெடித்துவிடும். எரிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தர உரிமை தருகிறது. இவை இரண்டும் பழுதல்ல. கேனை அறை வெப்பத்தில் வைத்திருந்து பற்றவைத்தும் அடுப்பு சோர்ந்தால், அப்போது ரசீதோடு கடைக்குப் போங்கள்.