வார்டில் எத்தனை நாள்? மனச்சிதைவு கேள்வி பதில்

காசிமேடு: தம்பிக்குக் காதுல ஆள் பேசுற மாதிரி குரல் கேக்குதாம். உடனே அட்மிட் பண்ணணுமா சிஸ்டர்?

குரல் கேட்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி, மாத்திரையும் போட்டுக்கொள்கிறார் என்றால் ஓபி (வெளிநோயாளர் பிரிவு) போதும். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் 'செத்துப்போ', 'வெட்டு' என்று ஏவினாலோ, சோற்றில் விஷம் என்று பட்டினி கிடந்தாலோ அன்றைக்கே கூட்டி வாருங்கள். நடுராத்திரி ஆனாலும் 108 இருக்கிறது. யோசனை மட்டும் கேட்க அரசின் மனநல உதவி எண் 14416.

வியாசர்பாடி: அண்ணன் வரமாட்டேங்கிறார். நான் கையெழுத்துப் போட்டா சேத்துப்பாங்களா?

உங்கள் கையெழுத்து மட்டும் செல்லாது. 2017 மனநலச் சட்டப்படி அவரால் அவருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து இருக்க வேண்டும், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் அதிகபட்சம் 30 நாள்தான். 'கல்யாணத்துக்குப் போறோம்' என்று ஏமாற்றி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். சந்தேகமே நோயாக இருப்பவர் அந்தப் பொய்யை மறக்கவே மாட்டார், அடுத்த தடவை உங்கள் கையால் மாத்திரையும் வாங்கமாட்டார். 'ராத்திரி தூக்கமே இல்லையே, டாக்டரைப் பாக்கலாம்' என்று கேட்டுப் பாருங்கள். அது நிஜம் என்பதால் பல பேர் சம்மதிப்பார்கள்.

தண்டையார்பேட்டை: ரெண்டு வாரத்துல அனுப்பிட்டாங்க. இன்னும் தனியாப் பேசிட்டிருக்கா. மருந்து வேலை செய்யலையா?

ஆவேசமும் தூக்கமின்மையும் சில நாளில் அடங்கும். குரலும் சந்தேகமும் குறைய, மருந்தைச் சரியான அளவில் போட்டும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். வார்டு முதல் பாதிக்குத்தான், மீதி உங்கள் வீட்டில். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கித் துப்புகிறாளா என்று பாருங்கள். அப்படியென்றால் 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ கண் மேலே செருகினாலோ பேய் இல்லை, மருந்தின் பக்க விளைவு. அதற்கு ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும். காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்தால் மட்டும் ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

திருவொற்றியூர்: ஆஸ்பத்திரியில நல்லா இருந்தார், வீட்டுக்கு வந்ததும் பழையபடி. ஒரே மாத்திரைதான், ஓலன்சபின்.

பீடி பிடிப்பாரா? புகை, ஓலன்சபினையும் அதே நோய்க்கான க்ளோசபின் மருந்தையும் உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். வார்டில் பீடி கிடையாது, அங்கே போதுமாக இருந்த அளவு வீட்டில் போதாமல் போகும். ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுவிட்டாலும் சொல்லுங்கள், அப்போது மருந்து கூடிப்போய்ச் சுருண்டு தூங்குவார்.

ராயபுரம்: ஷாக் வெச்சா மூளை போயிடுமா?

போகாது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் வைக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. கொஞ்ச நாள் ஞாபக மறதி இருக்கலாம். அசையாமல், உண்ணாமல் உறைந்துபோனவர்களுக்கு இது நன்றாகவே கேட்கும்.

வண்ணாரப்பேட்டை: தர்காவுக்கும் கூட்டிட்டுப் போலாமா?

தாராளமாக. மாத்திரை அட்டை பையில் இருக்கட்டும்.